வீட்டு வரி ரசீது

சரித்திரம் என்றவுடன் மாணவர்களாகிய உங்கள் மனத்தில் படையெடுப்புகளும் முடிசூட்டு விழாக்களும் தோன்றுவது இயல்பே. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அவற்றையே கற்பித்து வந்தேன். ஆனால், சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு சாதாரணக் குடும்பத்தின் பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜாதகங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில், நாலாக மடித்து, ஓரம் பழுத்துப்போன சில காகிதங்கள் கிடக்கும். அவை வீட்டு வரி ரசீதுகள். இவ்வளவு அற்பமான தாளை ஏன் இத்தனை பத்திரமாகப் போற்றி வைத்திருக்கிறார்கள்? வினா எளியது. விடை கூறப் புகுந்தால் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

வீடு, மனை, தெரு, குழாய் ஆகியவற்றைப் பற்றி நம் ஊர் மன்றங்கள் செய்த முடிவுகள் பெரும்பாலும் இந்த வரியைச் சுற்றியே சுழன்றிருக்கின்றன. ஒரு காலத்தில் மக்கள் இவ்வரியைக் கண்டு அஞ்சினர். பிற்காலத்திலோ, மிகவும் ஏழைகளாயிருந்தவர்களே முன்வந்து, 'எங்கள் குடிசைக்கும் வரி போடுங்கள்' என்று வேண்டி நின்றனர். வரியை நாடிச் சென்று கேட்கும் இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதையே இன்று காண்போம்.

முதலிற் பழங்காலத்தைச் சிறிது நோக்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கு விரிவாகக் காணப்படுகின்றது. வரி விதிக்கும் நிலத்தைக் கணக்கிடுமுன் சில நிலங்களைக் கழித்து விடுகிறார்கள். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை அவ்வாறு கழிக்கப்பட்டவை. மக்கள் குடியிருக்கும் இடத்திற்கு நிலவரி இல்லை என்பது இதனாற் புலப்படுகின்றது. அதனோடு, ஊரார் ஒரே இடத்திற் குடியிருக்கவில்லை, சேரி வேறு, ஊர் வேறு என்று எல்லை வகுத்திருந்தனர் என்பதும் புலப்படுகின்றது. இன்று நம் வருவாய்த் துறைக் கணக்கில் 'நத்தம்' என்று வழங்கும் சொல் அன்றைய சொல்லே. சொல் மட்டுமா தங்கியது? அந்த எல்லையும் தங்கிவிட்டது.

நம் சமவெளிக்கு அருகிலேயே இன்னும் வியப்பான சான்று ஒன்று இருக்கிறது. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரியைக் கடந்தால் கரூர். அங்குள்ள பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்று, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட அரசன், வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை வழங்கியதைக் கூறுகின்றது. அவ்வரசனின் 15ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல், அவர்கள் தங்கள் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவையே அவ்வுரிமைகள்.

கடைசி உரிமையைச் சற்று ஊன்றி நோக்குங்கள். கோயில் கட்டியவர்களும் கொல்லுலையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சியவர்களும் கம்மாளர்கள்தாம். ஊரார் வீடுகளுக்குச் சுண்ணச்சாந்து அரைக்கத் தெரிந்த அந்தக் கைவினைஞர், தம் வீட்டுச் சுவருக்கு அதைப் பூசிக்கொள்ள அரசனுடைய ஆணை வேண்டியிருந்தது! யார் எத்தகைய வீட்டில் வாழலாம் என்பதைக் கையிலுள்ள பணம் முடிவு செய்யவில்லை. ஊரும் நாடும் முடிவு செய்தன. மனை வகுப்பதும் கட்டட அனுமதி அளிப்பதும் வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் இக்கல்வெட்டை ஒருமுறை படிப்பது நலம்.

இனி, பல நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி கட்டினர். நிலவரியைப் பற்றி நம் மாணவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் நிலமில்லாதவர்களிடம் வாங்கிய வரியைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 'மொத்தர்பா' என்பது அதன் பெயர். வீட்டுக்கும் கடைக்கும் தறிக்கும் தொழிலுக்கும் விதித்த வரி அது. சேலமோ நெசவாளர் நிறைந்த ஊர். குகையிலும் அம்மாபேட்டையிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு தறியோசை கேட்ட நகரம். நெசவாளனுக்கு வீடே தொழிற்கூடம். குழியில் காலை இறக்கி அமர்ந்தால் அதுவே தறிக்குழி. ஆகவே அவன் வீட்டையும் தறியையும் நோக்கி வந்த வரி அவன் வயிற்றையே நோக்கி வந்தது எனலாம். இவ்வரி சென்னை மாகாணத்தில் 1861ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

மக்கள் பெருமூச்சு விட்டது நாலே ஆண்டுகள்! 1865இல் நகர அபிவிருத்திச் சட்டம் வந்தது. அதன்படி 1866இல் சேலம் முனிசிபாலிடி அமைந்தது. வீட்டு வரி வேறு பெயரில் திரும்பி வந்தது. அச்சட்டத்தின் கீழ் நகரில் திரட்டிய பணத்தின் கணிசமான பங்கு போலீஸ் செலவுக்கே போயிற்று. விளக்கு, சாக்கடை, தெரு ஆகியவற்றுக்கு மிஞ்சியது கொஞ்சமே. அங்கத்தினர்களை அரசாங்கம் நியமித்தது. தலைமை கலெக்டரிடம் இருந்தது. வரி கொடுப்பவனுக்குத் தன் வாசலில் எரியும் விளக்கைப் பற்றிக்கூட ஒரு சொல் சொல்ல இடமில்லை. 1871ஆம் ஆண்டுச் சட்டம் போலீஸ் செலவை நீக்கிக் கல்வி முதலிய பொறுப்புகளைச் சேர்த்தது. அரசாங்கம் இசைந்தால் வரி செலுத்துவோர் சில அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் வழி வகுத்தது. 1882ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் ரிப்பன் பிரபுவின் புகழ்பெற்ற தீர்மானம் வெளிவந்தது. தல சுயாட்சி என்பது மக்களுக்கு அரசியற் பயிற்சி அளிக்கும் பள்ளிக்கூடம் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேலம் படித்த முதற்பாடம் மிகக் கடுமையானது. அதே 1882இல் சேலம் நகரசபைக்கு உறுப்பினராக வந்தவர் சி. விஜயராகவாச்சாரியார் என்னும் இளம் வழக்கறிஞர். அவ்வாண்டு ஆகஸ்டில் நகரில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. ஊர்வலம் எந்தத் தெரு வழியே செல்வது, தொழுகை இடத்தின் முன் மேளம் முழங்கலாமா என்பன போன்ற பூசல்கள் முற்றி இரத்தம் சிந்தும் அளவுக்குச் சென்றன. தெருவும் கட்டடமும் யாருக்கு உரியவை என்னும் கேள்வியை அமைதியாக அமர்ந்து பேசித் தீர்க்கும் மன்றம் ஒன்று ஊரில் வலுப்பெறாத காலம் அது. கலவரத்தைத் தூண்டியதாக விஜயராகவாச்சாரியார் மீதும் வழக்குத் தொடர்ந்தனர். கீழ் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இதனோடு நின்றிருந்தால் ஒரு தனி மனிதரின் வெற்றியாக மட்டுமே அது முடிந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. தம்மை நகரசபையிலிருந்து அரசாங்கம் நீக்கியது செல்லாது என்று இந்திய மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்காடினார். விளக்கம் கூற வாய்ப்பளிக்காமல் ஓர் உறுப்பினரை நீக்கியது முறையன்று என்று உயர்நீதிமன்றம் 1884இல் தீர்ப்பளித்தது. அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு நூறு ரூபாய். தொகை சிறிதுதான். ஆயினும் அந்த நூறு ரூபாயில் அடங்கிய நியாயத்தை எண்ணிப் பாருங்கள். நகரசபை ஆசனம் கவர்னர் இட்ட பிச்சை அன்று, மனம்போனபோது பறித்துக்கொள்ளலாகாது என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தது. பிற்காலத்தில், 1920இல், நாகபுரி காங்கிரஸுக்கு இவர் தலைமை தாங்கியதை எல்லாப் புத்தகங்களும் கூறும். என்னைக் கேட்டால், சேலத்து வீதிகளுக்கு அவர் செய்த பேருதவி அந்த நூறு ரூபாய் வழக்கே என்பேன்.

1884ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நகரசபைகளில் தேர்தல் மெல்ல மெல்லப் பரவியது. ஆனால் ஒன்றை மறவாதிருங்கள். வரி செலுத்துபவனுக்கே வாக்கு. வீட்டு வரி பெரிதானால்தான் வாக்காளர் பட்டியலில் இடம். சொந்த வீடில்லாத நெசவுக் கூலியாளும் நகரின் ஓரத்தில் குடிசையிட்டு வாழ்ந்த துப்புரவுத் தொழிலாளியும் அப்பட்டியலில் இல்லை. தெருவைக் கூட்டுபவன் ஊரில் இருக்கலாம், ஊர்க்கணக்கில் இல்லை.

நகர வளர்ச்சிக்குச் சேலத்தில் முதல் தடையாயிருந்தது தண்ணீர். வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே சருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை எனச் சுற்றிலும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடம் இது. நடுவே ஓடும் திருமணிமுத்தாறு மழைக் காலத்திற்கு மட்டுமே ஆறு. கிணறு உள்ள இடத்தில் தெரு உண்டாயிற்று. கிணறு வற்றினால் குடி பெயர்ந்தது. ஆகவே 1911இல் நகருக்குத் தெற்கே பனமரத்துப்பட்டியில் அமைந்த பெரிய ஏரியைச் சேலத்தின் முதல் நகரமைப்புத் திட்டம் என்றே நான் கருதுகிறேன். இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. மலைச் சரிவுகளில் பெய்யும் மழையைத் தேக்கிக் குடிநீராக நகருக்குக் கொண்டுவந்தார்கள். குழாய் சென்ற திசையில் வீடுகள் சென்றன. மனைப்பிரிவு வரைபடம் எதுவும் செய்ய இயலாததைக் குழாய் செய்துவிடும். 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்திய பின், காலப்போக்கிற் காவிரி நீரே நகருக்கு வந்தது. ஏரியின் மதிப்புக் குறைந்தது.

ஏரி உண்டான அதே 1911இல் சேலம் நகரசபையில் உறுப்பினரானவர் ராஜாஜி. 1917 முதல் 1919 வரை அவர் அதன் தலைவர். சற்றேறக்குறைய அதே காலத்தில், ஈரோடு நகரசபைத் தலைவராயிருந்தவர் ஈ. வெ. ராமசாமி. ஐம்பது மைல் தூரத்திற்குள் இரண்டு நகரசபைகள், பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலை இரு துருவங்களாக நின்று நடத்திய இரண்டு தலைவர்கள், இருவரும் நண்பர்கள். ஈரோட்டில் காவிரித் தண்ணீரைக் குழாய் மூலம் கொணர்ந்த திட்டம் ஈ. வெ. ரா.வின் பெயரோடு இணைந்தது. சேலத்தில் ராஜாஜியின் தலைமைக் காலத்திலே தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் முதன்முதலாக நகரசபைக்கு வந்தார். அவ்வாறு வருவதற்குத் தலைவரே பொறுப்பாயிருந்தார்.

ராஜாஜியின் பிற்காலச் செய்கைகள் அனைத்தும் எனக்கு உடன்பாடு அல்ல. 1953ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எந்தத் தமிழாசிரியன் ஏற்பான்? எனினும் இந்த ஒரு செயலை மிகப் பெரிதாகவே மதிக்கிறேன். 1866 முதல் ஐம்பது ஆண்டுகள் சேலம் நகரசபை கூடிக் கூடித் தீர்மானித்தது. சாக்கடை எங்கே செல்ல வேண்டும், கழிவு எங்கே கொட்டப்பட வேண்டும், எந்தத் தெருவுக்கு விளக்கு என்றெல்லாம் தீர்மானித்தது. அச்சாக்கடையை அள்ளிய மக்களில் ஒருவரும் அம்மேசையைச் சுற்றி அமர்ந்ததில்லை. கழிவு எப்போதும் யாருடைய குடியிருப்புப் பக்கமாகச் சென்றது என்று நான் சொல்ல வேண்டுமா?

அக்காலத்தில் நகரமைப்புக் கலை உலகெங்கும் புதிதாகப் பேசப்பட்டது. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல் சென்னைக்கு வந்து மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். பொறியாளர்கள் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்துவிடுவார்கள். அக்கோட்டின் கீழ் அகப்பட்ட வீடுகள் இடிய வேண்டியதுதான். கெடிஸ் அவ்வாறு செய்யவில்லை. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் சந்து சந்தாக நடந்தார். இடிந்துபோன வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தைச் சிறு வெளியாக்கி, ஒரு மரம் நட்டாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், செலவும் மிகக் குறையும் என்று 1915இல் எழுதிக் காட்டினார். தேர்ந்த வைத்தியன் தேவையான இடத்தில் மட்டும் கத்தியை வைப்பது போன்ற முறை அது. பம்பாய் 1915இல் நகரமைப்புச் சட்டம் இயற்றியது. 1920இல் சென்னை மாகாணமும் இயற்றியது. அதே ஆண்டில் புதிய ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் வந்தது. இனி நகரசபை, வீடுகள் கட்டப்பட்ட பின் வரி வாங்கும் சபையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கட்டுமுன் திட்டமிடும் சபையாகலாம் என்று சட்டம் கூறியது. சட்டம் கூறியதை எல்லாம் சபைகள் செய்துவிட்டன என்று எண்ணாதீர்கள். கெடிஸைப்போல் நடந்து பார்க்கும் பொறுமை பெரும்பாலோர்க்கு இல்லை.

நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வருவோம். என் வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. கிராமத்தில் மனையில்லாதவனுடைய நிலை இன்னும் இரங்கத்தக்கது. பண்ணையாளாக இருந்தவன் குடிசை பண்ணைக்காரர் நிலத்தில் இருந்தது. கூலி அதிகம் கேட்டால் குடிசையைப் பிரி என்பார்கள். இதைக் கண்ட சென்னை அரசாங்கம் 1919இல் ஒரு தனி அதிகாரியை நியமித்தது. 1920இல் தொழிலாளர் கமிஷனர் பதவி உருவாயிற்று. அத்துறை நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்துத் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அளித்தது. இனாமாக அன்று, விலையைத் தவணை முறையில் திருப்பிச் செலுத்த வேண்டும். கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டி மனைக்குச் சொந்தக்காரனான முதல் தலைமுறை அது. அரை நூற்றாண்டு கழிந்து, 1971இல், பிறர் நிலத்தில் குடியிருப்போருக்கு அவ்விடத்தையே உரிமையாக்கும் குடியிருப்பு அனுபவதாரர் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஊராட்சிகள் வளர்ந்தன. 1950இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம். பின்னதன்படி 1960 அக்டோபர் 2ஆம் நாள் முதற்கொண்டு பஞ்சாயத்து யூனியன்கள் படிப்படியாகத் தோன்றின. இந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியர் தொழிலில் இருந்தமையால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டு வரியைக் கட்டாயமாக்கிய அச்சட்டம், ஊராட்சிகள் திரட்டும் வீட்டு வரிக்கு ஈடான தொகையை அரசாங்கம் மானியமாகத் தரும் என்றது. இதற்கு வீட்டு வரி ஈடு மானியம் என்று பெயர்.

எட்டாம் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுப்பேன். ஓர் ஊரில் 300 வீடுகள். வீட்டுக்கு 4 ரூபாய் வரி. முழுவதும் வசூலானால் ஊரின் கையில் எவ்வளவு? பிள்ளைகள் 1,200 என்பார்கள். இல்லை, 2,400 என்பேன். ஐம்பது வீடு கட்டவில்லை என்றால்? 200 ரூபாய் நட்டம் என்பார்கள். இல்லை, 400 ரூபாய் நட்டம். அப்போது ஒரு பையன் எழுந்து, "அய்யா, அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர் வரி கட்டாவிட்டால் எங்கள் தெரு விளக்கும் போகிறதே!" என்றான். குடிமையியல் பாடம் அன்றைக்கு நடத்த வேண்டியதில்லாமற் போயிற்று.

ஊர்ப்பணமும் அரசாங்கப் பணமும் சேரும் இம்முறை அக்காலத்தின் காற்றிலேயே கலந்திருந்தது எனலாம். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊரார் நிலம் கொடுத்தார்கள், ஓடு கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள். நாமக்கல் வட்டாரத்துக் கிராமப் பள்ளிகள் பலவற்றில் கொடுத்தவர் பெயர் எழுதிய மரப் பலகைகளையும் கடிகாரங்களையும் நான் கண்டிருக்கிறேன். கடிகாரம் ஓடாது, பெயர் மட்டும் அழியாமல் இருக்கும்.

ஈடு மானியத்தில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. காவிரிக் கரையிலுள்ள மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஊர்களில் வாழையும் கரும்பும் வெற்றிலையும் விளைகின்றன. மாடி வீடுகள் உண்டு, வரி மிகுதி. சேந்தமங்கலம், இராசிபுரம் பகுதிகளில் மானாவாரி நிலக்கடலையையும் சோளத்தையும் நம்பியிருந்த ஊர்களில் கூரை வீடுகளே மிகுதி, வரி சொற்பம். ரூபாய்க்கு ரூபாய் தருவது என்றால், இருப்பவனுக்கு இன்னும் கிடைக்கும். இல்லாதவனுக்குக் கொஞ்சமே கிடைக்கும். உழைப்பைப் பாராட்டும் முறை அது. வறுமையைக் கணக்கிற் கொள்ளும் முறை அன்று. 1990களில் மாநில நிதி ஆணையம் வந்த பின்னரே, மக்கள் தொகை முதலியவற்றைக் கொண்டு உள்ளாட்சிகளுக்கு நிதி பகிரும் முறை உறுதிப்பட்டது.

இனித் தொடக்கத்திற் கூறிய விந்தைக்கு வருவோம். நான் பணிசெய்த ஊர்களில் ஏரிக்கரைப் புறம்போக்கிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசையிட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல. அவர்களிடம் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் சிலரிடம் வீட்டு வரி ரசீது இருந்தது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வரும் தாய், பிறந்த தேதி கேட்டால் விழிப்பாள். முகவரி கேட்டாலோ முந்தானையில் முடிந்து வைத்திருந்த ரசீதை எடுத்து மேசைமேல் வைப்பாள். சட்டப்படி அது நிலத்திற்கு உரிமைப் பத்திரம் ஆகாது. வரி கட்டியதால் மனை சொந்தமாகிவிடாது என்பது அவர்களுக்கும் தெரியும். எனினும், இத்தனை ஆண்டுகளாக இந்த இடத்தில் இந்தப் பெயருடைய ஒருவன் வாழ்கிறான் என்று அரசாங்கத்தின் தாளொன்று சாட்சி சொல்கிறது அன்றோ? குடும்ப அட்டைக்கும் மின் இணைப்புக்கும் மனைப்பட்டா மனுவுக்கும் அந்தச் சாட்சி வேண்டியிருந்தது. ஆகவேதான் ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் நின்று, எங்கள் குடிசைக்கும் கதவிலக்கம் கொடுங்கள், வரி போடுங்கள் என்று கேட்டார்கள். ஓர் ஊராட்சித் தலைவர் மனம் வைத்தால் வரி விழும். அடுத்தவர், அது புறம்போக்கு, கதவிலக்கம் தர முடியாது என்பார். தறிக்கு வரி விதித்தபோது அஞ்சிய நெசவாளனின் கொள்ளுப்பேரன் காலத்தில், வரி விதிக்காமல் விடுவதே ஒரு தண்டனையாக மாறிவிட்டது.

இத்தகைய முடிவைச் செய்பவர் யார் என்பதே முக்கியம். 1992இல் இயற்றப்பட்ட 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு முன், உள்ளாட்சித் தேர்தல் நடத்துவதும் நடத்தாததும் மாநில அரசின் விருப்பம். ஊராட்சிகளுக்கு 1970இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1986இல்! நான் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதலில் வேலைக்குச் சென்ற ஊரில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர் ஒருவர் பல ஊராட்சிகளின் கோப்புகளில் ஒரே நாளிற் கையெழுத்திடுவார். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பொருளன்று. ஓடைக்கரைக் குடிசையை அவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவரிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1986இல் வந்த மன்றங்கள் 1991இல் முடிந்தன. அடுத்த தேர்தல் 1996இல். இதற்கிடையில் 1994 ஜூன் மாதத்தில் சேலம் நகராட்சி மாநகராட்சியாகி இருந்தது. மாநகராட்சியான நகருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அமைய இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. 2024இல் நாமக்கல் நகரமும் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. பெண்களுக்குரிய மூன்றில் ஒரு பங்கு 2016இல் பாதியாக உயர்ந்தது. கிராம சபை சட்டப்படியான அமைப்பாயிற்று. வீடு கட்டும் திட்டங்களில் பயனாளிகள் பட்டியல் அதன்முன் படிக்கப்படுகின்றது. மேல்நிலை மாணவர்களை ஒருமுறை கிராம சபைக்கு அழைத்துச் சென்றேன். பட்டியலைப் படித்தபோது ஒரு கிழவி எழுந்து, இந்தப் பெயருக்கு உரியவனுக்கு மச்சு வீடு இருக்கிறதே என்றாள். கூட்டம் சிரித்தது. பெயர் அடிக்கப்பட்டதா என்பதைக் காண நாங்கள் அங்கே இருக்கவில்லை. மாணவர்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளாக யார் எந்த வீட்டில் வாழலாம் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டவர்களின் வழியில் வந்த ஒருத்தி, நூறு பேர் முன்னிலையில் அதைப் பற்றித் தன் வாய் திறந்து பேசியதை என் மாணவர்கள் கண்டார்கள்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று கூறி முடிக்கிறேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காரணத்தால், பதினான்காவது நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு வரவேண்டிய மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளிற் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும் தேர்தல் நடந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம், சேலம், நாமக்கல் மாவட்டங்கள் உட்பட, 2025 சனவரி 5ஆம் நாளோடு நிறைவுற்றது. மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். 2016 முதல் 2019 வரை மன்றம் இல்லாதிருந்த அந்த மூன்றாண்டுகளிலும் வீட்டு வரி கேட்டு வருவது மட்டும் நிற்கவில்லை.